நோக்கியா ஆலையும் என்.பி.வி. கணக்கும்

இன்று கையில் இருக்கும் நூறு ரூபாயும் ஐந்து வருடம் கழித்து வரப்போகும் நூறு ரூபாயும் ஒன்றல்ல. வட்டிக்குக் கடன் வாங்கிய எவருக்கும் இது தெரியும். 1582-ல் சைமன் ஸ்டெவின் வட்டி அட்டவணைகளை அச்சிட்டு வெளியிட்டார். 1907-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர் இதை முதலீட்டைத் தேர்ந்தெடுக்கும் முறையாக விளக்கினார். 1951-ல் வந்த ஜோயல் டீனின் புத்தகம் இந்த யோசனையைக் கம்பெனி நிர்வாகிகளிடம் கொண்டு சேர்த்தது. பி.காம். மாணவர்கள் படிக்கும் நிகர நிகழ்கால மதிப்பு, அதாவது என்.பி.வி., இந்த வழியில் வந்ததுதான்.

ஒரு சின்னக் கணக்கு. இயந்திரத்தின் விலை 1 கோடி. வருட வரவு 30 லட்சம். தள்ளுபடி விகிதம் 12 சதவீதம். கடைசியில் விற்றால் ஒன்றும் தேறாது. ஐந்து வருடம் ஓடினால் வரவுகளின் இன்றைய மதிப்பு சுமார் 108 லட்சம். லாபம் 8 லட்சம், வாங்கலாம். நான்கே வருடத்தில் நின்றுபோனால்? 91 லட்சம்தான். 9 லட்சம் நஷ்டம்!

ஒரே ஒரு வருடம் முடிவையே மாற்றிவிடுகிறது. இதற்கு ஸ்ரீபெரும்புதூரை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

அங்கே நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. சில வருடங்களிலேயே உலகின் பெரிய செல்போன் ஆலைகளில் ஒன்றானது. ஆனால் 2007-ல் ஐபோனும் 2008-ல் ஆண்ட்ராய்டு போனும் சந்தைக்கு வந்துவிட்டன. 2013-ல் வருமான வரி வழக்கில் ஆலையின் சொத்துக்கள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. அதன்பின் மைக்ரோசாஃப்டுக்காகப் போன் செய்து கொடுத்தது. அந்த ஆர்டரும் நின்றது. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். பெரும்பாலும் இளம் வயதினர், அதிலும் பெண்கள் நிறைய. கம்பெனியின் கணக்கில் அவர்கள் சம்பளம் ஒரு செலவு வரி. அவர்களுக்கோ அதுதான் வரப்போகும் வருடங்களின் மொத்த வரவு. அந்த வரவை நம்பிக் கடன் வாங்கியவருக்கும் அதே ஆயுள் கேள்விதான்.

2019-ல் சால்காம்ப் நிறுவனம் அந்த ஆலையை வாங்க முன்வந்தது. நோக்கியா போட்ட பணம் அதன் கணக்கில் வராது. இனிமேல் போடுவதும் இனிமேல் வருவதும் மட்டுமே வரும்.

தேர்வில் இயந்திரத்தின் ஆயுள் கேள்வியிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். ஒரகடம் வரை நீளும் இந்த ஆலைகளில் அதை யாரும் கொடுப்பதில்லை. அதனால் விகிதத்தை 12-ஆ 13-ஆ என்று அலசுவதற்கு முன், ஒரு வருடம் குறைந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்ப்பது நல்லது.