நேபாளத்துக் கோயில்களும் அரண்மனைகளும்: கட்டியவரும் காத்தவரும்

நேபாளம் என்னும் பெயர் தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், திருமூலர் கயிலையினின்று தென்றிசை நோக்கிப் போந்த வழியைக் கூறுமிடத்து, கேதாரத்தை அடுத்துப் பசுபதி நேபாளத்தையும் அவர் வணங்கியதாக உரைக்கின்றார். அப்பசுபதிநாதர் கோயில் இன்றும் பாக்மதி ஆற்றங்கரையில் வழிபாடு குன்றாது விளங்குகின்றது. அங்குள்ள பட்ட அர்ச்சகர்கள் பல தலைமுறைகளாகத் தென்னாட்டினின்று, சிறப்பாகக் கன்னட நாட்டினின்று, வரவழைக்கப்பட்டு வருகின்றனர்.

இத்தொடர்பு இருந்தும், அங்குச் செல்லும் தென்னாட்டார்க்கு முதலில் வியப்பளிப்பது கோயிலின் உருவமே. வானளாவிய கருங்கற் கோபுரம் அங்கில்லை. செங்கற்சுவரும், செதுக்கிய மரமும், ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்திறங்கும் பொன்முலாம் பூசிய செப்புக் கூரைகளுமே உள்ளன. இமயத்தின் மடியில், ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்த காத்மாண்டுப் பள்ளத்தாக்கு முழுவதும் இத்தகைய கட்டடங்களைக் காணலாம். காத்மாண்டு, லலிதபுரம் என்னும் பாடன், பக்தபுரம் ஆகிய மூன்று பழைய நகரங்களின் அரண்மனை முற்றங்களும், பசுபதிநாதம், சாங்கு நாராயணம், சுயம்பு, பௌத்தநாதம் ஆகிய நான்கு திருவிடங்களும் 1979-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றன.

மரம் மழையில் உளுத்துப்போவது, மண்சாந்து கரைவது. அன்றியும் அப்பள்ளத்தாக்கு அடிக்கடி நடுங்கும் நிலம். 1255, 1833, 1934, 2015 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த பெரு நடுக்கங்கள் வரலாற்றில் பதிவானவை. 1255-ஆம் ஆண்டு நடுக்கத்தில் அபய மல்லன் என்னும் அரசனே உயிரிழந்தான். அவ்வாறாயின் இக்கட்டடங்கள் எங்ஙனம் இன்றுவரை நிலைபெற்றன? இவ்வினாவுக்கு விடை காணுமுன், அவை எழுந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

மானதேவன் கல்வெட்டு

பள்ளத்தாக்கின் கீழ்ப்பால் ஒரு குன்றின்மேல் உள்ளது சாங்கு நாராயணர் கோயில். அங்குள்ள கற்றூண் ஒன்றில் லிச்சவி மரபினனாகிய மானதேவன் கி.பி. 464-இல் பொறித்த வடமொழிக் கல்வெட்டு உள்ளது. தந்தை தருமதேவன் இறந்தபோது உடன்கட்டை ஏறத் துணிந்த தாய் இராச்சியவதியை மைந்தன் தடுத்து நிறுத்திய செய்தியையும், பின்னர் அவன் கிழக்கிலும் மேற்கிலும் படை நடத்தி வென்ற செய்தியையும் அது கூறுகின்றது. தாயின் துயரும் மைந்தனின் வேண்டுகோளும் அரசியற் செய்திக்கு முன்னே வைத்துக் கூறப்பட்டிருத்தல் அக்கல்வெட்டின் தனிச் சிறப்பாகும். ஆயினும் தூண் பழையதே ஒழிய, இன்று காணப்படும் கோயிற் கட்டடம் அத்துணைப் பழையதன்று. அது தீயால் அழிந்தபின் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீளக் கட்டப்பட்டது. பழைய இடம், பழைய தெய்வம், புதுப்பித்த கட்டடம் என்னும் இம்முறையைப் பள்ளத்தாக்கு முழுவதும் காணலாம்.

மூன்று அரசுகள், மூன்று முற்றங்கள்

லிச்சவியர்க்குப் பல காலம் கழித்து ஆண்டவர் மல்லர். 1482-இல் யட்ச மல்லன் இறந்தபின் அவனுடைய அரசு மைந்தரிடையே பிரிந்து, நாளடைவில் மூன்று நகரங்களும் மூன்று தனியரசுகளாயின. உறவினராகிய இவ்வரசர்கள் ஒருவரோடொருவர் போர்க்களத்தில் மட்டுமன்றிக் கலையிலும் போட்டியிட்டனர். ஒருவன் கோயில் எழுப்பினால், மற்றவன் அதனினும் சிறந்ததொன்றை எழுப்ப முயன்றான்.

காத்மாண்டை ஆண்ட பிரதாப மல்லன் (1641–1674) தன்னைக் கவியரசன் எனக் கூறிக்கொள்வதில் பெருவிருப்புடையவன். அவன் 1654-இல் அரண்மனைச் சுவரில் பதினைந்து மொழிகளின் சொற்களும் எழுத்துகளும் கலந்த கல்வெட்டொன்றை அமைத்தான். அவற்றுள் ஆங்கிலமும் பிரெஞ்சும் உண்டு. மகனை இழந்து வருந்திய அரசியின் ஆறுதலுக்காக அவன் 1670-இல் எடுத்த குளமே இராணிப் பொக்கரி.

பாடன் நகரில் சித்திநரசிம்ம மல்லன் 1637-இல் கட்டிய கிருஷ்ணர் கோயில் கல்லாலானது. 21 பொற்கலசங்கள் உடையது. அதன் உத்தரங்களில் கீழ்நிலையில் பாரதக் காட்சிகளும் மேல்நிலையில் இராமகாதைக் காட்சிகளும் செதுக்கப்பட்டு, நேவாரி மொழியில் விளக்கமும் பொறிக்கப்பட்டுள்ளன.

பக்தபுரத்தில் பூபதீந்திர மல்லன் 1702-இல் எழுப்பிய ஞாதபோலா ஐந்து நிலைக் கோயில்; ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுடையது. அதன் படிக்கட்டின் இருமருங்கும் மல்லர் இருவர், யானைகள், சிங்கங்கள், சிறகுடைய விலங்குகள், பெண் தெய்வங்கள் எனக் காவலுருவங்கள் ஐந்து படியாக அமைந்துள்ளன. கீழுள்ளதைவிட மேலுள்ளது பதின்மடங்கு வலிமையுடையது என்பது மக்கள் வழக்கு.

இப்போட்டியே மல்லர்க்கு முடிவும் தேடித் தந்தது. கோர்க்கா நாட்டு அரசன் பிருதிவி நாராயண ஷா, 1768-இல் காத்மாண்டு மக்கள் இந்திர விழாவில் ஈடுபட்டிருந்த வேளையில் அந்நகரைக் கைப்பற்றினான். அதே ஆண்டில் பாடனும், 1769-இல் பக்தபுரமும் வீழ்ந்தன. பக்தபுரத்தின் இறுதி மல்ல அரசனான இரணசித்து காசிக்குச் சென்றான். பொன்வாயில் அமைத்த அரசன் போய்விட்டான், பொன்வாயில் இருந்தது.

கைவினைஞரும் குத்தியும்

அரசு மாறியபின்னும் கோயில்கள் அழியாமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று நேவார் மக்களின் கைத்திறன். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அரணிகோ என்னும் இளைஞன் எண்பது கலைஞருக்குத் தலைவனாகத் திபேத்துக்குச் சென்று, பின்னர்க் குப்லாய்கானின் அவையில் உயர்நிலை எய்தி, பெய்சிங்கில் வெண்ணிறத் தூபியை எழுப்பினான். அது இன்றும் அங்கு நிற்கின்றது. இவ்வினைஞர் மரத்தை ஆணியின்றி, முளையும் துளையுமாகப் பொருத்தினர். ஆதலின் உளுத்த உறுப்பைக் கழற்றிப் புதியதைச் செருக முடியும். கட்டடம் முழுவதையும் பிரித்துப் பழைய உறுப்புகளைக்கொண்டே மீண்டும் கூட்டவும் முடியும். பழுதுபார்த்தல் என்பது இக்கட்டடக் கலையின் பின்வேலையன்று. தொடக்கத்திலேயே எண்ணிச் செய்த பகுதியாகும்.

மற்றொன்று ‘குத்தி’ என்னும் அமைப்பு. கோட்டி என்று தமிழ்நூல்களில் அவையைக் குறிக்கும் சொல்லோடு இச்சொல் ஒப்புநோக்கத் தக்கது. வடமொழியில் கோஷ்டி என்பர். லிச்சவியர் கல்வெட்டுகளிலேயே இவ்வகைக் குழுக்கள் சுட்டப்படுகின்றன. அரசரோ செல்வரோ கோயிலுக்கு நிலம் விடுவர். அந்நிலத்தின் விளைவைக்கொண்டு நாட்பூசை, விளக்கு, விழா, கூரைப் பழுது ஆகியவற்றைக் குத்தியினர் நடத்துவர். ஒவ்வொரு பணியும் ஒவ்வொரு குடியினர்க்கு உரிமையாகவும் கடமையாகவும் தலைமுறை தலைமுறையாக வரும். பாடன் நகரின் மச்சேந்திரநாதர் தேர் ஏறத்தாழ 60 அடி உயரமுடையது. அதனை ஆண்டுதோறும் புதிதாகவே கட்டுகின்றனர். அடியும் சக்கரமும் தச்சர் குடியினர் பொறுப்பு; மேலே பிரம்பாற் கோபுரம் பின்னுவது மற்றொரு குடியினர் பொறுப்பு. 2008-இல் நேபாளத்தில் முடியாட்சி ஒழிந்தது. எனினும் இந்திர விழா நின்றுவிடவில்லை. முன்பு அரசர் பெற்ற குமாரி தெய்வத்தின் வாழ்த்தை அதன்பின் குடியரசுத் தலைவர் பெறலானார்.

வீழ்ச்சியும் மீட்பும்

2015 ஏப்ரல் 25-ஆம் நாள் 7.8 அளவினதாகிய நிலநடுக்கம் நேபாளத்தைத் தாக்கி, ஏறத்தாழ 9,000 உயிர்களைக் கொண்டது. மூன்று முற்றங்களிலும் கோயில்கள் பல மண்மேடாயின. 1934-இல் மேல்நிலை மட்டும் பழுதுற்ற ஞாதபோலா இம்முறையும் நின்றது. காத்மாண்டு நகருக்குப் பெயர் தந்த காஷ்டமண்டபம் நின்ற இடந் தெரியாமல் வீழ்ந்து, உள்ளிருந்தோர் உயிரையும் வாங்கியது.

அம்மண்டபத்தின் அடித்தளத்தைத் தொல்லியலார் அகழ்ந்தபோது இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. பன்னிரண்டாம் நூற்றாண்டினது எனக் கருதப்பட்ட அக்கட்டடத்தின் அடித்தளம் ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பது ஒன்று. அவ்வடித்தளம் உறுதி குன்றாதிருந்தது என்பதும், பெருந்தூண் நான்கனுள் ஒன்று தன் ஆதாரக்கல்லின்மேல் அமராமல் இருந்தது என்பதும் மற்றொன்று. பழமை அதனை வீழ்த்தவில்லை. பிற்காலத்துப் பழுதுபார்ப்பில் நேர்ந்த குறையே அதன் வலிமையைக் கெடுத்தது.

மீட்பு வேலையில் ஒரு பெருங்கேள்வி எழுந்தது. விரைவும் சிக்கனமும் கருதிச் சிமெண்டால் கட்டுவதா, பழைய முறையில் கட்டுவதா? இராணிப் பொக்கரியில் சிமெண்டு வேலை தொடங்கியபோது நகர மக்கள் திரண்டு எதிர்த்தனர். வேலை நிறுத்தப்பட்டது, செங்கல்லும் களிமண்ணும்கொண்டு மரபு முறையிலேயே செய்து 2020-இல் முடிக்கப்பட்டது. காஷ்டமண்டபமும் அவ்வட்டாரத்தார் முன்னின்று ஊக்க, மரத்தாலேயே மீண்டும் எழுந்தது. பாடன் முற்றத்தில் இடிபாடுகளினின்று பொறுக்கி அரண்மனையில் அடுக்கி வைத்த செதுக்கு மரங்கள் மீண்டும் கோயில்களில் ஏறின.

எனினும் குத்தியின் நிலை முன்போல் இல்லை. 1964-இல் குத்தி நிறுவனம் ஏற்பட்டு, நிலங்கள் பல அரசின் ஆட்சிக்குட்பட்டன. நிலச் சீர்திருத்தத்தாலும் நகரப் பெருக்கத்தாலும் வருவாய் சுருங்கியது. உழுதவர்க்கு நிலவுரிமை வேண்டும் என்பதும் நேர்மையான கோரிக்கையே. அந்நிலத்தை நம்பிய விளக்கு அணைதல் கூடாது என்பதும் நேர்மையான கவலையே. 2019 சூன் திங்களில் அரசு கொண்டுவந்த குத்திச் சட்ட முன்வடிவை எதிர்த்துப் பல்லாயிரவர் காத்மாண்டுத் தெருக்களில் அணிவகுத்தனர். முன்வடிவு திரும்பப் பெறப்பட்டது. அவ்விரண்டு நேர்மைகளையும் ஒன்றாகப் பொருத்தும் சட்டம் எது என்னும் வினா அதனால் தீர்ந்துவிடவில்லை.

இம்மூன்று முற்றங்களிலும் நின்று நோக்குவோர் பிரதாபன், சித்திநரசிம்மன், பூபதீந்திரன் ஆகிய மூவரின் பெயரைக் கல்லிலும் செம்பிலும் படிக்கலாம். ஆனால், கூரையில் முளைத்த புல்லைக் களைந்தவரும், உளுத்த கைமரத்தை மாற்றியவரும், விளக்குக்கு எண்ணெய் அளந்தவரும் இல்லையேல் அக்கல்லும் செம்பும் மண்ணுக்குள் புதைந்திருக்கும். கோயிலைக் கட்டுதற்கு ஓர் அரசனின் வாழ்நாள் போதியதாயிற்று. அதனைக் காத்தற்கு ஊரார் பலருடைய வாழ்நாள்கள் தொடர்ந்து வேண்டியிருக்கின்றன.