மலிவு விலைக் கைபேசியும் ரூட் உரிமையும்

ஆண்ட்ராய்டு இயங்குதளம் லினக்ஸ் கர்னலின் மேல், அதாவது வன்பொருளுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கும் அடிப்படை நிரலின் மேல், எழுப்பப்பட்டது. பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்திய காலத்தில் யூனிக்ஸ் வகுத்த ஓர் ஏற்பாட்டை அது அப்படியே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு, ஒருவருடைய கோப்பை மற்றவர் தொட முடியாது, 0 என்ற எண்ணுக்குரிய பயனர் மட்டும் எதையும் படிக்கவும் மாற்றவும் அழிக்கவும் வல்லவர். அந்தப் பயனருக்கு ரூட் என்று பெயர். ஆண்ட்ராய்டில் நிறுவப்படும் ஒவ்வொரு செயலிக்கும் 10000-இலிருந்து தொடங்கும் தனித்தனிப் பயனர் எண் தரப்படுகிறது. ஆனால் கைபேசியை விலைகொடுத்து வாங்கியவருக்கு 0 என்ற எண்ணின் அதிகாரம் தரப்படுவதில்லை. அந்த அதிகாரத்தைப் பெறும் செயலே ரூட் செய்தல் எனப்படுகிறது. அதற்கு ஏற்ற மலிவான கைபேசி எது என்ற கேள்விக்கு 2008 முதல் இன்றுவரை பலமுறை விடை மாறியிருக்கிறது. கைபேசியை வாங்கியவருக்கும் அதைச் செய்து விற்றவருக்கும் இடையே உரிமையின் எல்லை எப்படி நகர்ந்தது என்பதை அந்த மாற்றங்களின் வழியே தெளிவாகக் காண முடிகிறது.

2008 அக்டோபரில் அமெரிக்காவில் டி-மொபைல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜி1, தைவானின் எச்.டி.சி. உருவாக்கிய முதல் ஆண்ட்ராய்டு கைபேசியாகும். அதன் தொடக்ககால மென்பொருளில் விசைப்பலகையில் அழுத்தப்படும் ஒவ்வோர் எழுத்தும், திரையில் திறந்திருக்கும் செயலிக்குச் செல்வதோடு, பின்னணியில் ரூட் அதிகாரத்துடன் ஓடிக்கொண்டிருந்த கட்டளை நிரலுக்கும் சென்றுகொண்டிருந்தது. ஆகவே, டெல்நெட் சேவையைத் தொடங்கும் கட்டளையைத் தட்டச்சு செய்தாலே, வேறொரு கணினியிலிருந்து அந்தக் கைபேசிக்குள் முழு அதிகாரத்துடன் நுழைய முடிந்தது. இது தெரியவந்ததும் அந்த நவம்பரிலேயே கூகுள் அந்த ஓட்டையை அடைத்துப் புதுப்பிப்பு அனுப்பியது. அடுத்த மாதமே, பூட்லோடர் பூட்டப்படாத இதே கைபேசியைப் பதிவுசெய்த நிரலாளர்களுக்கு 399 டாலருக்கு அது விற்கத் தொடங்கியது. பூட்லோடர் என்பது மின்விசையை அழுத்தியதும் முதலில் இயங்கி, எந்த இயங்குதளத்தை ஏற்றலாம், எதை மறுக்கலாம் என்று முடிவுசெய்யும் சிறு நிரல். ஆக, ரூட் அதிகாரத்தை அடையும் இரண்டு வழிகளும், அதாவது மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைவதும் உற்பத்தியாளர் தரும் திறவுகோலால் நுழைவதும், ஆண்ட்ராய்டு பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே உருவாகிவிட்டன. திறவுகோலுக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே தனி விலை இருந்தது.

ரூட் அதிகாரம் கிடைத்தபின் இயங்குதளத்தையே மாற்றியமைக்கலாம் என்பதால், ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலிலிருந்து தாமே தொகுத்த பதிப்புகளை ஆர்வலர்கள் வெளியிடலாயினர்; இவற்றை ரோம் என்பது வழக்கம். ஸ்டீவ் கோண்டிக் 2009-இல் தொடங்கிய சயனோஜென்மோட் இவற்றுள் தலைசிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஜிமெயில், மேப்ஸ், மார்க்கெட் போன்ற தன் செயலிகளைச் சேர்த்து வழங்கக் கூடாது என்று கூகுள் அவருக்கு அறிவிப்பு அனுப்பியது. பயனர் தம் கைபேசியில் ஏற்கெனவே உள்ள அச்செயலிகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, புதிய ரோமை ஏற்றியபின் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

விலையுயர்ந்த கைபேசி வைத்திருந்தோருக்கு இவையெல்லாம் பெரும்பாலும் விருப்பத்தின் பாற்பட்டவை. மலிவான கைபேசி வைத்திருந்தோருக்கு அவை தேவையின் பாற்பட்டவை. இந்த வேறுபாடே இவ்வரலாற்றின் மையம் எனலாம். 2011-இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஒய் இந்தியாவில் பரவலாக விற்ற மலிவு விலைக் கைபேசிகளுள் ஒன்று. பயனர் செயலிகளை நிறுவுவதற்கு அதில் இருந்த உள்நினைவகம் ஏறத்தாழ 180 மெகாபைட்; சில செயலிகளை நிறுவியதுமே இடமில்லை என்ற எச்சரிக்கை வந்துவிடும். நினைவக அட்டையைச் செருக வசதி இருந்தும், செயலியின் ஒரு பகுதியை மட்டுமே அட்டைக்கு நகர்த்த ஆண்ட்ராய்டு அனுமதித்தது. ரூட் செய்தவரோ, அட்டையை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது பகுதியை லினக்ஸ் கோப்பு முறையில் அமைத்து, செயலியின் கோப்புகளை அங்கே வைத்து, பழைய இடத்தில் அவற்றைச் சுட்டும் இணைப்பை மட்டும் விட்டுவிட்டார். லிங்க்2எஸ்டி என்ற செயலி இவ்வேலையை எளிதாக்கியது. எடுத்தெறிய வேண்டியதாகத் தோன்றிய கருவி இதனால் மேலும் சில ஆண்டுகள் உழைத்தது. நீக்க முடியாதபடி நிறுவனங்கள் திணித்துவைத்த செயலிகளை அகற்றுவதும், உற்பத்தியாளர் கைவிட்ட கருவிக்குப் புதிய பதிப்பைக் கொண்டுவருவதும் இதே தேவையிலிருந்து பிறந்தவைதாம்.

இங்கிலாந்தில் 2010-இன் பிற்பகுதியில் ஆரஞ்சு என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் சான் பிரான்சிஸ்கோ என்ற பெயரில் 99 பவுண்டுக்கு விற்ற கைபேசி, உண்மையில் சீனாவின் இசட்.டி.இ. செய்த பிளேடு ஆகும். 600 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள எளிய குவால்காம் சில்லுடன், அவ்விலைக்கு எதிர்பாராத அளவு நுணுக்கமான 480 × 800 புள்ளித் திரையும் 512 மெகாபைட் இயங்கு நினைவகமும் அதில் இருந்தன. மென்பொருளோ ஆண்ட்ராய்டு 2.1-இன் மேல் ஆரஞ்சு தன் சொந்தச் செயலிகளைப் பூசிய பதிப்பு. வன்பொருள் நன்றாகவும் மென்பொருள் மோசமாகவும் விலை குறைவாகவும் இருந்த இந்தச் சேர்க்கை ஆர்வலர்களைக் கூட்டமாக ஈர்த்தது. விரைவில் ஆண்ட்ராய்டு 2.2-ஐயும் அதன்பின் சயனோஜென்மோட் வழியாக 2.3-ஐயும் அது பெற்றது. ரூட் செய்வதற்கு ஏற்ற மலிவான கைபேசி என்ற கருத்துக்கு முழு வடிவம் தந்த முதல் கருவியாக இதைக் கருதுவது தகும்.

அக்காலத்தில் பெரும்பாலான கைபேசிகள் ஓட்டை வழியாகவே திறக்கப்பட்டன. 2010-இல் வெளியான ரேஜ் எகெய்ன்ஸ்ட் தி கேஜ் என்ற நிரல் இயங்கிய விதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணினியோடு கைபேசியை இணைக்கும் ஏ.டி.பி. சேவை ரூட் அதிகாரத்துடன் தொடங்கி, சற்றுநேரத்தில் அவ்வதிகாரத்தைத் துறந்து எளிய பயனராகத் தன்னை மாற்றிக்கொள்ளும். ஆனால் அம்மாற்றம் வெற்றியடைந்ததா என்று அது சரிபார்க்கவில்லை. அந்த எளிய பயனருக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை நிரம்பும்வரை இயக்கங்களைத் தொடங்கிவிட்டு, பின் ஏ.டி.பி. சேவையை நிறுத்தினால், மறுபடி எழும் சேவை எளிய பயனராக மாற முடியாமல் ரூட்டாகவே நின்றுவிடும். எனினும் உரிமையாளருக்குத் திறக்கும் ஓட்டை திருடனுக்கும் திறக்கும் என்பதற்குச் சான்று விரைவிலேயே கிடைத்தது: 2011 மார்ச்சில் ஆண்ட்ராய்டு மார்க்கெட்டில் கண்டுபிடிக்கப்பட்ட டிராய்டு டிரீம் என்ற தீநிரல், இதே உத்தியையும் இதையொத்த வேறொன்றையும் கொண்டு கைபேசிகளைக் கைப்பற்றியது, ஐம்பதுக்கும் மேற்பட்ட செயலிகளை கூகுள் நீக்க வேண்டியதாயிற்று. 2014-இல் ஜார்ஜ் ஹாட்ஸ் வெளியிட்ட டவல்ரூட், ஒரே பொத்தானை அழுத்திப் பல நிறுவனங்களின் கைபேசிகளைத் திறக்கச் செய்தபோதும், அதற்கு அடிப்படையான கர்னல் பிழை இலட்சக்கணக்கான கருவிகளில் இருந்தது என்ற உண்மை மகிழ்ச்சிக்கு உரியதாக இருக்கவில்லை. ஓட்டையை நம்பிக் கைபேசி வாங்குவது, பாதுகாப்பற்ற கைபேசியைத் தேடி வாங்குவதற்கு ஒப்பானது.

எனவே திறவுகோல் வழியே நேர்மையான வழியாக இருந்தது. ஆனால் உற்பத்தியாளர்கள் மெல்லத்தான் இணங்கினர். அமெரிக்காவில் 2010 ஜூலையில், தம் கைபேசியின் பூட்டைப் பயனர் உடைப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியில் வந்த கூகுளின் நெக்சஸ் ஒன், ஒரே கட்டளையில் பூட்லோடரைத் திறக்க வழிதந்தது. ஆனால் அதன் விலை 529 டாலர். 2011-இல் சோனி எரிக்சனும் எச்.டி.சி.யும், 2012-இல் மோட்டோரோலாவும் பூட்லோடர் திறக்கும் குறியீடுகளை இணையத்தில் வழங்கத் தொடங்கின. திறக்கும்போது கைபேசியிலுள்ள பயனர் தரவு முழுவதும் அழிக்கப்படும். திருடியவர் பூட்டைத் திறந்து உள்ளிருப்பதைப் படித்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

இந்தியச் சந்தையில் இக்கேள்வி வேறொரு வடிவம் கொண்டது. மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா ஆகியவற்றின் மலிவுக் கைபேசிகளில் பெரும்பாலும் மீடியாடெக் சில்லுகளே இருந்தன. அவற்றை ரூட் செய்வது பெரும்பாலும் எளிது. ஆயினும் அதற்கு மேல் செல்ல வழியில்லை. ஏனெனில் புதிய ரோம் ஒன்றை உருவாக்க அக்கருவிக்குரிய கர்னல் மூலநிரல் வேண்டும். லினக்ஸ் கர்னலின் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு உரிமம், கருவியை விற்போர் அம்மூலநிரலையும் தர வேண்டும் என்று விதித்திருந்தும், இந்நிறுவனங்களில் பல அதைப் பொருட்படுத்தவில்லை. இது சிறு குறையன்று. உரிமத்தின் பயனை எடுத்துக்கொண்டு அதன் கடமையை மட்டும் மறுத்த இச்செயலால், இலட்சக்கணக்கான எளிய மக்களின் கைபேசிகள் உரிய காலத்துக்கு முன்பே பழையனவாயின.

2014 இந்நிலையை மாற்றிய ஆண்டு. பிப்ரவரியில் 12,499 ரூபாய்க்கு மோட்டோ ஜி, மே மாதம் 6,999 ரூபாய்க்கு மோட்டோ இ, செப்டம்பரில் 5,999 ரூபாய்க்கு ஷாவ்மியின் ரெட்மி 1எஸ் என அடுத்தடுத்து வந்த கைபேசிகள் குவால்காம் சில்லைக் கொண்டிருந்தன. மோட்டோரோலா திறவுகோலையும் மூலநிரலையும் சேர்த்தே தந்ததால், ஆண்ட்ராய்டு 5.1-உடன் அதிகாரபூர்வப் புதுப்பிப்பு நின்றுபோன முதல் மோட்டோ ஜி, ஆர்வலர் கைகளில் 7.1-ஐயும் பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரோமேக்ஸின் யூ என்ற துணைப் பெயரில் 8,999 ரூபாய்க்கு அறிவிக்கப்பட்ட யுரேகா, சயனோஜென்மோடிலிருந்து பிறந்த சயனோஜென் நிறுவனத்தின் இயங்குதளத்தையே உடன்கொண்டு வந்ததோடு, ரூட் செய்தாலும் உத்தரவாதம் நீங்காது என்றும் அறிவித்தது. இந்தியாவில் சயனோஜெனைப் பயன்படுத்தும் உரிமை தமக்கே என்று மைக்ரோமேக்ஸ் தொடுத்த வழக்கில், அதே இயங்குதளத்துடன் கைபேசி விற்ற ஒன்பிளஸின் விற்பனையைத் தில்லி உயர் நீதிமன்றம் சில நாள் நிறுத்திவைத்ததும் அப்போதுதான்.

சில்லின் முக்கியத்துவத்தை ரெட்மி நோட் 4 போலத் தெளிவாகக் காட்டும் கைபேசி வேறில்லை. சீனாவில் 2016-இல் வந்த அதன் வடிவத்தில் மீடியாடெக் சில்லும், 2017 ஜனவரியில் 9,999 ரூபாயிலிருந்து இந்தியாவுக்கு வந்த வடிவத்தில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் 625 சில்லும் இருந்தன. தோற்றத்திலும் பெயரிலும் ஏறத்தாழ ஒன்றான இவ்விரண்டில், மிடோ என்ற குறிப்பெயர் கொண்ட இரண்டாவதற்கு எண்ணற்ற ரோம்கள் உருவாயின, ஆண்ட்ராய்டு 6.0-உடன் பிறந்த அது, 10-ஐயும் தாண்டிய பதிப்புகளில் இயங்கியது. முதலாவதற்கு அவ்வாய்ப்பு வெகு குறைவாகவே வாய்த்தது. மிடோவின் நீண்ட வாழ்வுக்குச் சில்லோடு மற்றொரு காரணமும் உண்டு: அதை மிகப் பலர் வாங்கியிருந்தனர். ஒரு கருவி பல்லாயிரம் கைகளில் இருக்கும்போது அதற்காக நிரலெழுதும் மாணவர்களும், எழுதியதைச் சோதித்துப் பார்ப்போரும், பழுதானதை மீட்கும் வழி சொல்வோரும் தாமே கூடிவிடுகின்றனர். மலிவு விலை அக்கூட்டத்தை உருவாக்குகிறது என்பதே மலிவான கைபேசிக்கு உரிய தனி வலிமை.

இதற்கிடையே இந்தியாவில் வேறொரு தடை எழுந்தது. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோ, 4ஜி மட்டுமே கொண்ட வலையமைப்பாதலால், அதில் பேச வோல்ட்டி என்ற நுட்பம் தேவைப்பட்டது. அதற்குரிய கோப்புகள் திறந்த மூலநிரலில் இல்லாததால், பல ரோம்களில் இணையம் கிடைத்தும் அழைப்பு கிடைக்கவில்லை. நல்ல ரோம் எது என்று ஆராய்ந்தோர் முதலில் கேட்ட கேள்வி, வோல்ட்டி வேலை செய்கிறதா என்பதாயிற்று.

ரூட் செய்யும் முறையும் இக்காலத்தில் மாறியது. முன்பு இயங்குதளக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம் பகுதிக்குள் ஒரு கோப்பை வைத்தால் போதும். ஆண்ட்ராய்டு தொடங்கும்போது அப்பகுதியின் முழுமையைச் சரிபார்க்கும் வழக்கம் வலுத்தபின் அது இயலாமல் போனது. செயின்ஃபயர் என்ற நிரலாளர் தம் சூப்பர் எஸ்.யூ. செயலியில் தொடங்கிவைத்த, சிஸ்டத்தைத் தொடாத முறையை, 2016-இல் ஜான் வூ வெளியிட்ட மேஜிஸ்க் நிலைநாட்டியது. கர்னல் அடங்கிய பூட் கோப்பை மட்டும் அது மாற்றுகிறது. இதனால் அதிகாரபூர்வ மென்பொருள் கோப்புகள் எளிதாகக் கிடைக்கும் கைபேசியா என்பதும் தேர்வின் அளவுகோல்களுள் ஒன்றாயிற்று. தவறு நேர்ந்தால் மீள்வதற்கும் அக்கோப்புகளே துணை.

திறவுகோலோ மறுபடி அரிதாகத் தொடங்கியது. இடைத்தரகர்கள் தீநிரல் கலந்த மென்பொருளை ஏற்றி விற்பதைத் தடுக்கவே என்று கூறி, 2016-இன் தொடக்கத்திலிருந்து ஷாவ்மி பூட்லோடர்களைப் பூட்டியது; பயனர் தம் ஷாவ்மி கணக்கைக் கைபேசியோடு இணைத்துவிட்டு, பெரும்பாலும் 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம், காத்திருந்தபின்னரே திறக்க முடிந்தது. 2018-இல் ஹுவாவே திறவுகோல் வழங்குவதையே நிறுத்தியது. 2023-இல் ஷாவ்மியின் புதிய இயங்குதளமான ஹைப்பர் ஓ.எஸ். வந்தபோது அந்நிறுவனத்தின் விதிகள் மேலும் இறுகின. கூகுளின் பிக்சல் கைபேசிகள் திறப்பதற்கு எளியனவாக நீடித்தாலும், அமெரிக்காவின் வெரைசன் விற்றவை பூட்டப்பட்டே இருப்பதால், பயன்படுத்திய பிக்சலை வாங்குவோர் அது எவ்வழி வந்தது என்று விசாரிக்க வேண்டியுள்ளது.

பூட்டைத் திறந்தவர்களுக்கும் புதிய சிக்கல் வந்தது. கைபேசி மாற்றப்பட்டுள்ளதா என்று செயலிகளுக்குத் தெரிவிக்கும் சேஃப்டிநெட் என்ற கூகுள் சேவையும், அதன் இடத்துக்கு வந்த பிளே இன்டெக்ரிட்டியும், சில்லுக்குள்ளேயே பதிந்த சாவியின் சான்றைக் கேட்கத் தொடங்கியபின், மென்பொருளால் அதை மறைப்பது கடினமாயிற்று. பல வங்கிச் செயலிகளும் பணம் செலுத்தும் செயலிகளும் ரூட் செய்த கைபேசியில் இயங்க மறுக்கின்றன, யு.பி.ஐ. என்ற கைபேசிப் பணப்பரிமாற்ற முறை இல்லாமல் அன்றாடக் கடைவீதியைக் கடப்பது அரிதாகிவிட்ட நாட்டில் இது சிறு இழப்பன்று. அதனால், ஒரே கைபேசி வைத்திருப்பவர் அதை ரூட் செய்யத் தயங்குகிறார். செய்பவர்களுள் பலர் பணப் பரிமாற்றத்துக்குத் தொடப்படாத ஒன்றையும், ஆராய்வதற்குப் பயன்படுத்திய மலிவான மற்றொன்றையும் வைத்துக்கொள்கின்றனர். 180 மெகாபைட் நினைவகத்தோடு போராடிய கேலக்ஸி ஒய் உரிமையாளர், தம்மிடம் இருந்த ஒரே கைபேசியை வாழவைப்பதற்காகவே அதை ரூட் செய்தார். இன்று அதே செயலுக்கு இரண்டாவது கைபேசி வாங்கும் வசதி வேண்டியிருக்கிறது.