செம்பனை

செம்மை + பனை. பழமும் அதன் எண்ணெயும் செம்மஞ்சளாக இருப்பதால் வந்த பெயர். மலேசியத் தமிழரின் அன்றாட வழக்கு. தமிழ்நாட்டில் எண்ணெய்ப் பனை என்பர். தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே சமையலுக்கு எண்ணெயும் விருந்துக்குக் கள்ளும் தரும் இம்மரம் வழிபாட்டிலும் உண்டு: யொரூபா மக்களின் இஃபா முறையில் பூசாரி இதன் 16 கொட்டைகளை அள்ளிக் குறி பார்க்கிறார். 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தை அடைந்தன. 1917இல் கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் சாகுபடி தொடங்கியது. தென்னையின் தமிழ்ப் பெயர் கொண்ட தோட்டத்தில் ஆப்பிரிக்கப் பனை வேரூன்றியது அழகான பொருத்தம். பின்னாளில் சிலாங்கூரின் ரவாங் வட்டாரத்திலும் ரப்பருக்குப் பதில் செம்பனை நட்டனர். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தமிழர் செம்பனைக் குலை வெட்டப் பழகினர்.