அயல்பணி ஒப்படைப்பில் பேரிடர் மேலாண்மை: சென்னை – மரக்காணம் கடற்கரை

வெளிநாட்டு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தம் கணக்கு, மென்பொருள், வாடிக்கையாளர் சேவை வேலைகளை வேறு நாட்டு நிறுவனங்களிடம் கொடுத்துச் செய்விப்பது அயல்பணி ஒப்படைப்பு. புயலோ வெள்ளமோ வந்தாலும் அவ்வேலை முடங்காமல் காக்கும் ஏற்பாடுகளே இங்குப் பேரிடர் மேலாண்மை எனப்படும். தமிழ்நாட்டில் இது வடகிழக்குப் பருவமழையிடம் பட்டுப் பட்டுக் கற்ற பாடம்.

2000இல் சென்னை தரமணியில் டைடல் பூங்கா என்னும் மென்பொருள் அலுவலக வளாகம் திறக்கப்பட்டது. பின்னர் பழைய மாமல்லபுரம் சாலையில் வரிசையாக எழுந்த அலுவலகங்கள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் கடலுக்கும் நடுவே அமைந்தன. இதே கடற்கரையில் தெற்கே சென்றால் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்கள். ஐப்பசி மழை பிடித்ததும் அங்கே உப்பு வாருவது நின்றுவிடும்; மழை ஓய்ந்தபின் பாத்திகளைச் சீர்செய்து மறுபடி தொடங்குவார்கள். சென்னை அலுவலகங்களுக்கு அப்படி ஓய்வில்லை. புயல் மாதங்களில்தான் அயல்நாட்டு வாடிக்கையாளர்களின் ஆண்டிறுதி வேலை குவிகிறது.

தொடக்கத்தில் அச்சமெல்லாம் கருவிகளைப் பற்றியே இருந்தது. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடி கேபிள்கள் அறுந்து இந்தியாவின் இணையத் தொடர்பு பெரிதும் குறைந்தபோது, மாற்று வழித்தடம் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

2015 டிசம்பர் 1 அந்தக் கணக்கை மாற்றியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட, அடையாறு கரைபுரண்டது. விமான நிலையம் பல நாள் மூடப்பட்டது. தரவு வேறு ஊர்களில் பத்திரமாக இருந்தது, ஜெனரேட்டர்களும் இருந்தன. ஆனால் வேலை செய்ய வேண்டியவர்களின் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. நிறுவனங்கள் பெங்களூரு, ஐதராபாத் போன்ற ஊர்களுக்கு ஊழியர்களை அனுப்பிப் பணியைத் தொடர்ந்தன. அந்தக் காலாண்டு வருவாய் பாதிக்கப்படும் என மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ். வெளிப்படையாகவே அறிவித்தது. ஊழியரின் வீடும் திட்டத்தின் ஒரு பகுதி என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் மின்சாரத்தையும் இணையத்தையும் சேர்த்தே துண்டித்தது. அலுவலகத்துக்கு வர முடியாதபோது வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு இருந்த தொலைத்தொடர்புக் கட்டுப்பாடுகள் கொரோனாக் காலத்தில் தளர்ந்தன. 2020 நவம்பர் 5இல் மத்திய அரசு அவற்றைப் பெருமளவு நீக்கியது. அம்மாதமே 25ஆம் தேதி நள்ளிரவையொட்டி, நிவர் புயல் மரக்காணம் அருகே கரை கடந்தது.

பேரிடரின்போது பணியைத் தொடர மாற்று அலுவலகத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இந்தக் கடற்கரையே விடை சொல்கிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைவெளி சுமார் 150 கி.மீ.தான். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது சென்னையில் விமான நிலையம் மூடப்பட்டது, புதுச்சேரி வெள்ளத்தில் மிதந்தது, நடுவே மரக்காணத்து உப்பளங்கள் மூழ்கின. ஒரே புயலின் பாதையில் இருக்கும் இரண்டு ஊர்கள் ஒன்றுக்கொன்று காப்பாக முடியாது. காகிதத்தில் மட்டும்தான் அவை இரண்டு இடங்கள்.

பணியை ஒப்படைத்தாலும் பொறுப்பு ஒப்படைத்தவரையே சேரும் என்பது இங்குள்ள வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2006இல் வகுத்த நெறி. தகவல் தொழில்நுட்பப் பணிகளுக்கான அதன் தனி ஆணை 2023 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. பணித்தொடர்ச்சித் திட்டத்தைச் சேவை வழங்குவோர் அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அது கோரியது.