கோவிவனின் வழித்தோன்றல்கள்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்தது; ஏழாம் நூற்றாண்டினது. மாட்டு மந்தைக்காக நிகழ்ந்த பூசலில் உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்ட கல் அது. வீரனோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்து அது காவல் நின்றது என்றும் கல்வெட்டு தனியே குறிப்பிடுகிறது. மன்னனின் பெயருக்கும் வீரனின் பெயருக்கும் இடம் தந்த அதே கல்லில் ஒரு நாயின் பெயருக்கும் நம் முன்னோர் இடம் ஒதுக்கினர்.

அந்தக் கோவிவனின் வழித்தோன்றல்கள் பிற்காலத்தில் நகரத்தில் 'தெருநாய்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிப்போனது எப்படி? வரலாற்றில் இதற்கு விடை தேடினால், நாயைப் பற்றி மட்டுமன்றி நம்மைப் பற்றியும் சிலவற்றை அறிந்துகொள்கிறோம்.

அனுப்பம்பட்டிலிருந்தும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்தும் தொடங்குவோம். இங்கே நாயை 'வளர்ப்பு நாய்' என்றும் 'தெருநாய்' என்றும் பிரித்துச் சொல்லும் வழக்கம் குறைவு. நாய் ஊருடையது. வலை பிரிக்கும் இடத்தில் படுத்திருக்கும். கருவாடு காயும் களத்தில் காகத்தை விரட்டும். கழித்துப்போட்ட மீனைத் தின்னும். வேற்றாள் வந்தால் குரைக்கும். கழுத்தில் பட்டை இல்லை. ஆயினும் எந்த வீட்டு வாசலில் இரவில் சுருண்டு படுக்கும் என்பதை ஊரார் அறிவர். பூனைக்கும் இதே நிலைதான். உடைமை என்றும் சொல்ல இயலாத, அநாதை என்றும் சொல்ல இயலாத ஓர் உறவு இது.

நகரம் இந்த நடுநிலையை ஏற்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் வளர்ந்த துறைமுக நகரங்கள் நாயை இரண்டாகப் பிரித்தன. சங்கிலியும் உரிமையாளரும் உள்ள நாய் ஒன்று. யாருக்கும் உரியதல்லாத, எனவே கொல்லத்தக்க நாய் மற்றொன்று. பம்பாயில் 1832-ஆம் ஆண்டு தெருநாய்களைக் கொல்ல ஆணை பிறந்தபோது பார்சி மக்கள் கொதித்தெழுந்தனர், கடைகள் அடைபட்டன, கலகத்தை அடக்கப் படைவீரர் அழைக்கப்பட்டனர். நாயைப் புனிதமாகக் கருதும் அச்சமயத்தாரின் எதிர்ப்பு அன்று அரசை வியப்பில் ஆழ்த்தியது. சென்னையில் நாய்களைப் பிடித்துக் கொல்லும் பணி 1860-ஆம் ஆண்டளவில் தொடங்கியதாக நீலச் சிலுவைச் சங்கத்தினர் எழுதியுள்ளனர்.

இதைக் கொடுமை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுதல் நியாயமாகாது. அன்றைய அதிகாரிகளின் அச்சத்திற்குக் காரணம் இருந்தது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைத்தல் அன்றும் அரிது, இன்றும் அரிது. 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாரிசு நகரில் லூயி பாஸ்டர், நாய் கடித்த யோசேப்பு மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். அதன் பயனைத் தென்னிந்தியாவிற்குக் கொணர, குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் நிறுவப்பட்டது. பின்னர் டேவிட் செம்பிள் என்பவர் கசௌலியில், நோய் ஏற்றப்பட்ட ஆட்டின் மூளையிலிருந்து ஒரு மருந்தை உருவாக்கினார். 'தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்று நம் பெற்றோர் அஞ்சியது அதனையே. இந்தியாவில் அம்மருந்தின் உற்பத்தி 2004-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. இன்று போடப்படும் ஊசிகள் எண்ணிக்கையில் குறைந்தவை, தோளிலோ தோலிலோ இடப்படுபவை. ஆயினும் பழைய ஊசியின் அச்சம் இன்னும் பல முதியோரிடம் தங்கியிருந்து, மருத்துவமனைக்குச் செல்வதைத் தாமதப்படுத்துகிறது.

அனுப்பம்பட்டில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்ட்ரல் செல்வோர் கடைசியாகக் கடப்பது பேசின் பாலம். மாநகராட்சி பிடித்த நாய்களுக்கு அப்பகுதியில்தான் கொலைக்கூடம் இருந்தது. அங்கே மின்சாரம் பாய்ச்சி அவை கொல்லப்பட்டன. மீன் கூடையோடு வண்டியில் சென்ற நம் தாய்மார்கள் எத்தனை ஆண்டுகள் அதனைக் கடந்து சென்றிருப்பர்! ஓர் ஆண்டன்று, இரண்டு ஆண்டன்று, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நாய்கள் கொல்லப்பட்டன. நாய்களோ குறையவில்லை, நோயும் ஒழியவில்லை. காரணம் எளியது. ஒரு தெருவில் குப்பையும் எஞ்சிய உணவும் இருக்கும்வரை அங்கே இருந்த நாயைக் கொன்றால் அடுத்த தெருவின் நாய் அவ்விடத்திற்கு வரும். இரைக்குப் போட்டி குறைவதால் குட்டிகளும் மிகுதியாகப் பிழைக்கும். கொலைக்கூடம் வெற்றிடத்தை உண்டாக்கியதே ஒழியத் தீர்வை உண்டாக்கவில்லை.

மாற்றம் தொடங்கியதும் இதே சென்னையில்தான் என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்கது. கலாக்ஷேத்திரா நிறுவனர் ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமனம் பெற்றார்; மறு ஆண்டே விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசே சட்டம் கொணரும் என்று பிரதமர் நேரு வாக்களித்ததால் அதனைத் திரும்பப் பெற்றார். 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவர் அவரே. வாரியத்தின் தலைமையகமும் நெடுங்காலம் சென்னையில் இருந்தது. இதனிடையே 1959-இல் விமானி கேப்டன் சுந்தரமும் அவர்தம் துணைவியார் உஷா சுந்தரமும் மக்களோடு சேர்ந்து நீலச் சிலுவைச் சங்கத்தைத் தொடங்கினர். கொல்வதை விட்டுவிட்டு, அறுவை செய்து இனப்பெருக்கத்தைத் தடுத்து, தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று 1964-இலேயே அவர்கள் கேட்டனர். அதனைச் செய்து பார்க்க மாநகராட்சி இணங்கியபோது ஆண்டு 1996. முப்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பு! 2001-இல் அதுவே நாடு முழுவதற்குமான விதியாயிற்று.

அத்துடன் கதை முடிந்துவிடவில்லை. சென்னையில் 2018-இல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 57,000 தெருநாய்கள் இருந்தன. 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் அத்தொகை 1,81,000 அளவிற்கு உயர்ந்திருந்தது. பத்தில் ஏழு நாய்களுக்கேனும் குறுகிய காலத்திற்குள் அறுவையும் ஊசியும் செய்யாவிடில் இம்முறை பயன் தராது என்பது வல்லுநர் கருத்து. அரைகுறையாகச் செய்யப்படும் இரக்கம், செய்யாத இரக்கத்தைப் போன்றதே. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள் தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 22-ஆம் நாள் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனைத் திருத்தி, வெறிநோய் கொண்டவையும் மூர்க்கமானவையும் தவிர ஏனையவற்றை ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. இரு வாரங்களுக்குள் நாடே இரண்டாகப் பிரிந்து வாதிட்டதைக் கண்டோம்.

அவ்வாதத்தில் நாம் எப்பக்கம்? 2024-ஆம் ஆண்டு மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வீலர் நாய்கள் இரண்டு கடித்துக் குதறின. அவள் அப்பூங்காவின் காவலாளியின் மகள். கடித்தவை தெருநாய்கள் அல்ல. வீட்டில் விலை கொடுத்து வளர்க்கப்பட்டவை. இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. நாய் தெருவினது ஆயினும் மாளிகையினது ஆயினும், கடிபடுவோர் பெரும்பாலும் எளியவர். காரில் செல்வோர் அல்லர், நடந்து செல்வோர். விடியுமுன் மீன் கூடையோடு நிலையத்திற்கு நடக்கும் பெண்ணும், குப்பை பொறுக்கும் சிறுவனுமே நம் பிழையின் விலையைச் செலுத்துகின்றனர்.

மறைநூலில் நாய்க்கு உயர்ந்த இடம் மிகுதியாக இல்லை. எனினும் இளம் தோபியாவின் நெடும்பயணத்தில் ஒரு நாய் உடன் செல்கிறது. திரும்பி வரும்போதும் உடன் வருகிறது. செல்வனின் வாயிலில் கிடந்த இலாசரை மனிதர் எவரும் தொடவில்லை. நாய்களே வந்து அவர் புண்களை நக்கின. கொள்ளைநோயால் காட்டில் ஒதுங்கிக் கிடந்த புனித ரோக்கிற்கு ஒரு நாய் அப்பம் கொணர்ந்ததாக மரபு கூறுகிறது. அப்புனிதரின் பெயரால் பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஆலயம் இருக்கிறது. பேசின் பாலத்துக் கொலைக்கூடத்திலிருந்து அது வெகுதொலைவில் இல்லை. இலாசரின் உவமையில் நாயும் ஏழையும் எதிரெதிர் அணியில் நிற்கவில்லை. இருவரும் வாயிலுக்கு வெளியே ஒன்றாகவே கிடக்கின்றனர். குழந்தையின் உயிரா, நாயின் உயிரா என்று கேட்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டையும் காக்கும் வழி உண்டு. அதற்குப் பணமும் உழைப்பும் தேவை. அவற்றைச் செலவிட மனமில்லாதபோதுதான் நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறோம்.

2023-ஆம் ஆண்டின் புதிய விதிகள் தெருநாயைச் 'சமுதாய விலங்கு' என்று அழைக்கின்றன. குப்பத்து மக்கள் பெயரிடாமலே வாழ்ந்து காட்டிய உறவுக்குச் சட்டம் இப்போதுதான் பெயர் கண்டுபிடித்திருக்கிறது! ஆயின் நம் குப்பங்களின் பழைய உறவிலும் ஒரு குறை உண்டு. சோறும் மீனும் இட்டோம், ஊசி இடவில்லை. ஊருடைய நாய் என்றால் அதன் பொறுப்பும் ஊருடையது அன்றோ? ஆண்டுக்கொருமுறை கால்நடை மருத்துவரை அழைத்து ஊர் நாய்களுக்கெல்லாம் ஊசி போடுவது, ஒரு திருவிழாச் செலவில் சிறு பங்கே ஆகும். நாய் கடித்தால் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் அப்பும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும்; ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே ஊசி இலவசம். சொன்ன நாள்களில் எல்லாம் சென்று அதனை முடிக்க வேண்டும்.

எடுத்தனூர் மக்கள் தங்களைக் காத்த நாய்க்குக் கல் எடுத்தனர். நம் காலத்து நாய்கள் கல் கேட்கவில்லை. அவற்றுக்கு வேண்டியது ஓர் ஊசி. அதனைக் கொடுக்கும் ஊரில் குழந்தைகளும் அச்சமின்றி நடப்பார்கள்.