ஊர் விலகி நின்றபோது

வாளெடுக்காத மக்களிடமும் ஓர் ஆயுதம் உண்டு. ஒத்துழைக்க மறுப்பதே அது. அதைக் குறிக்கும் 'பாய்காட்' என்னும் ஆங்கிலச் சொல் ஒரு மனிதரின் பெயர் என்பதையும், அதைச் சொல்லாக்கியவர் ஒரு கத்தோலிக்கப் பங்குத்தந்தை என்று கூறப்படுவதையும் நம்மில் பலர் அறியோம்.

கேப்டன் சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவர். 1879இல் விளைச்சல் பொய்த்தது. 1840களின் பெரும்பஞ்சத்தை மறவாத உழவர்கள், 1880இல் குத்தகையை 25 விழுக்காடு குறைக்க வேண்டினர். பிரபுவோ 10 விழுக்காட்டுக்கு மேல் இசையவில்லை. செப்டம்பரில், குத்தகை செலுத்தாதோரை வெளியேற்றும் முயற்சி தொடங்கியது.

அம்மாதம் 19ஆம் நாள் என்னிஸ் நகரில் பேசிய தலைவர் பார்னல், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுத்துக்கொள்பவனை என்ன செய்வது என்று வினவினார். 'சுட்டுக் கொல்ல வேண்டும்' என்று கூட்டத்தில் குரல் எழுந்தது. அதைவிடக் கிறிஸ்தவப் பண்புக்கு ஏற்ற வழி உண்டு என்றார் அவர்: எங்கும் அவனோடு பேசாது, கொடுக்கல் வாங்கல் இன்றி விலகி நில்லுங்கள், தவறிழைத்தவன் மனந்திரும்பவும் அது இடந்தரும்.

மேயோ மக்கள் இவ்வழியை முகவரிடமே கையாண்டனர். பண்ணையாட்கள் வேலையை விட்டு நீங்கினர். கடைக்காரர் பொருள் தர மறுத்தனர். இச்செயலுக்கு உழவர்க்கு விளங்கும் பெயர் வேண்டுமென்றபோது, முகவரின் பெயரையே சூட்டலாம் என்றாராம் பங்குத்தந்தை ஜான் ஓமாலி. அமெரிக்கச் செய்தியாளர் ரெட்பாத் இதைப் பதிவு செய்துள்ளார்.

நவம்பரில் அறுவடைக்கு வெளியூரிலிருந்து ஏறத்தாழ 50 பேர் வந்தனர். அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் படைவீரர்! ஏறக்குறைய 500 பவுண்டு பெறுமான விளைச்சலுக்கு 10,000 பவுண்டு செலவானதாகக் கணக்கிட்டனர். ஆண்டு முடியுமுன் பாய்காட் அயர்லாந்தை விட்டு அகன்றார். மறு ஆண்டே, நியாயமான குத்தகையை நீதிமன்றம் வரையறுக்கும் சட்டம் பிறந்தது.

ஆயினும் வரலாறு அத்துடன் முடியவில்லை. புறக்கணிப்போடு மிரட்டலும் கலந்தது. ஒப்பிய குத்தகையைச் செலுத்த முன்வந்த எளியவர்களும் ஒதுக்கப்பட்டனர். 1888இல், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் காலத்தில், இம்முறை நீதிக்கும் அன்புக்கும் முரணானது என்று உரோமை கண்டித்தது. அயர்லாந்து மக்களில் பலர் அக்கண்டனத்தை ஏற்க மறுத்தனர். பார்னல் கிறிஸ்தவப் பண்புக்கு ஏற்றதென்ற வழியை, எட்டே ஆண்டுகளில் திருச்சபை அன்புக்கு முரணெனக் கண்டது. யார் பக்கம் நியாயம்?

ஓமாலி தேடிய சொல்லை நம் முன்னோர் தேட வேண்டியிருக்கவில்லை. 'ஊர்விலக்கு' என்னும் சொல் நம்மிடம் உண்டு. ஆனால் நம் சிற்றூர்களில் அதன் அடியைப் பெரிதும் தாங்கியவர்கள் நிலமும் வலிமையும் அற்றவர்களே. கூலி கேட்டதற்காகவும் உரிமை கேட்டதற்காகவும் கடையும் கிணறும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. அங்கும் குருதி சிந்தவில்லை எனலாம்; அதனால் அது அறமாகிவிடுமா?

கையில் ஆயுதமில்லை என்பது மட்டும் போதாது. எளியோர் அநீதிக்குத் துணைபோக மறுப்பது ஒன்று. வலியோர் எளியோரின் வாழ்வாதாரத்தை அறுப்பது வேறொன்று. யாரையேனும் விலக்கி வைக்க ஊர் கூடும்போது, நாம் விலகுவது அநீதியிடமிருந்தா, அயலானிடமிருந்தா என்று கேட்டுக்கொள்வோம். அவன் திரும்பி வருவதற்கு நாம் கதவு திறந்து வைத்திருக்கிறோமா என்பதே அதற்கு விடை சொல்லும்.