கை நுழையாத இடம்

சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் கூஜா இருந்தது. அதன் கழுத்துக்குள் நுழையும் அளவுக்கு என் கை ஒன்றுதான் சிறியது. ஆகையால் உட்புறத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது. தேய்த்து முடித்ததும் பாட்டி வெளிப் பளபளப்பைப் பார்க்கமாட்டாள். வாய்ப்பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள். "இன்னொரு தரம் தேய்டா" என்பாள், பெரும்பாலும்.

ஆஸ்பத்திரிகளில் வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டாஸ்கோப் என்ற குழாயின் சரித்திரத்தைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் நினைவுதான் வந்தது.

1868-ல் ஜெர்மனியில், ஃப்ரைபர்க் நகரத்து டாக்டர் அடால்ஃப் குஸ்மாலுக்கு மனிதனின் இரைப்பையை நேரில் பார்த்துவிட ஆசை. வளையாத உலோகக் குழாயை யார் விழுங்குவார்கள்? கத்தி விழுங்கி வித்தை காட்டும் ஒருவனைப் பிடித்தார். குழாய் உள்ளே போயிற்று, வெளிச்சந்தான் போதவில்லை. 1957-ல் அமெரிக்காவில் பேஸில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர், சகாக்களோடு சேர்ந்து கண்ணாடி இழைகளாலான வளையும் குழாயைச் செய்து, முதலில் தம் தொண்டைக்குள்ளேயே விட்டுக்கொண்டார். இவர்களைச் சரித்திரம் நினைவு வைத்திருக்கிறது. நியாயந்தான்.

ஆனால் ஒருவர் வயிற்றிலிருந்து எடுத்த குழாய், அடுத்தவர் வயிற்றுக்குள் போவதற்கு முன் என்ன ஆகிறது?

கத்தி, இடுக்கிகளைப் போல அதைக் கொதிக்கும் நீராவியில் வைக்க முடியாது; ரப்பரும் பசையும் கெட்டுவிடும். ஆகவே ஒருவர் நின்றுகொண்டு, சோப்பு நீரில் கழுவி, நீண்ட பிரஷ்ஷை உள்துவாரங்களில் விட்டுத் தேய்த்து, பிறகு கிருமிநாசினியில் ஊறவைத்து, அலசி, காற்றுச் செலுத்தி உலர்த்த வேண்டும். வரிசை மாறக்கூடாது. தேய்க்காமல் ஊறப்போட்டால் சில மருந்துகள் அழுக்கை அங்கேயே இறுக்கிவிடும். ஈரம் தங்கினால் கிருமிகள் குடித்தனம் வைத்துவிடும்.

பித்தநாளக் கோளாறுகளுக்கு உபயோகமாகும் டுவோடினோஸ்கோப்பின் நுனியில் ஏறி இறங்கும் ஒரு குட்டி நெம்புகோல் உண்டு. அதைச் சுற்றியுள்ள இடுக்குகளைத் தேய்ப்பது மகா கஷ்டம். 2010-ல் ஒலிம்பஸ் கம்பெனி ஒரு புதிய மாதிரியை விற்கத் தொடங்கியது. அந்த நெம்புகோலை இழுக்கும் கம்பியின் பாதையை ரப்பர் வளையம் வைத்து மூடிவிட்டார்கள். உள்ளே எதுவும் போகாது, ஆகையால் கழுவவும் வேண்டாம் என்பது எண்ணம்.

2012-ல் நெதர்லாந்தில், ராட்டர்டாம் எராஸ்மஸ் ஆஸ்பத்திரியில் மருந்துக்கு அடங்காத ஒரு கிருமி நோயாளிகளிடையே பரவியது. அவர்களில் 22 பேருக்கு ஒரே குழாயால் சிகிச்சை நடந்திருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தார்கள். மூடிவைத்த இடத்தில் பழுப்பு நிறத்தில் அழுக்குப் படிந்திருந்தது!

இது நடந்த பிறகும் குழாய்கள் மற்ற ஊர்களில் உபயோகத்தில் இருந்தன. 2015-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 7 பேருக்குத் தொற்று ஏற்பட்டது, இருவர் இறந்தார்கள். உங்களுக்கும் தொற்றியிருக்கலாம் என்று 179 பேருக்குத் தகவல் போயிற்று. கம்பெனி சொன்ன முறைப்படியே கழுவியதாக ஆஸ்பத்திரி கூறியது. 2012 முதல் 2015 வரை பல நாடுகளில் குறைந்தது 250 பேருக்குத் தொற்று ஏற்பட்டது என்று 2016-ல் அமெரிக்க செனட் அறிக்கை ஒன்று கணக்கிட்டது.

2018-ல் அந்தக் கம்பெனி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 8.5 கோடி டாலர் கட்டியது. என்ன குற்றம்? தொற்றுச் செய்திகளை அரசாங்கத்துக்கு உரியபடி தெரிவிக்காத குற்றம். 2019-ல், நுனி மூடியைக் கழற்றி எறியக்கூடிய குழாய்களுக்கு மாறும்படி அமெரிக்க அரசு ஆஸ்பத்திரிகளுக்குச் சொன்னது. ஒரே தடவை உபயோகித்து எறியும் குழாயும் அவ்வருஷமே அனுமதி பெற்றது.

அந்த வருஷங்களில் எத்தனையோ பேர், தங்களால் எட்டவே முடியாத இடத்தைச் சுத்தம் செய்துவிட்டதாக நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவர்களை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. குழாயை வரைந்தவர், அதைக் கழுவப் போகிறவரை ஒருநாள் பக்கத்தில் உட்கார்த்திக் கேட்டிருக்கலாம்.

பாட்டி படித்தவள் அல்ல. ஆனால் கை நுழையாத பாத்திரத்தை அவள் வீட்டில் சேர்த்ததே இல்லை.